திருநெல்வேலியும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கும்: குடும்பத்துடன் காண வேண்டிய இடங்கள்

திருநெல்வேலி, தமிழ்நாட்டின் தென்பகுதியில் தாமிரபரணி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள நகரம். எதிர்க்கரையில் உள்ள பாளையங்கோட்டை, தெற்கே மேலப்பாளையம், வடக்கே தச்சநல்லூர் ஆகியவற்றையும் சேர்த்து 1994-இல் மாநகராட்சி ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.74 லட்சம்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ளது போன்ற பெரிய உயிரியல் பூங்காவோ கேளிக்கைப் பூங்காவோ இங்கு இல்லை. குழந்தைகள், முதியவர்கள் எனக் குடும்பமாக வருபவர்கள் காணத்தக்கவை பெரும்பாலும் ஆற்றையொட்டியே அமைந்துள்ளன. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, சுமார் 128 கி.மீ. நீளம் மட்டுமே உடையது. மலை, அருவி, அணை, வயல், கோயில், பறவைக் குளம், தொல்லியல் மேடு, கடல் ஆகிய அனைத்தும் இந்தக் குறுகிய தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. நகரில் தங்கிக்கொண்டு எந்தத் திசையில் சென்றாலும் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

எதைக் காண்பது என்பதை வருகிற மாதமே பெரிதும் முடிவு செய்கிறது. சூன் முதல் ஆகத்து வரை தென்மேற்குப் பருவக்காற்றால் குற்றாலத்தில் சாரல் இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆறு பெருகும், அருவிகளில் குளிக்கத் தடை அடிக்கடி வரும். சனவரி முதல் ஏப்ரல் வரை பறவைகளுக்கான காலம். கோடை விடுமுறையில் வருபவர்கள் நண்பகல் வெயிலைத் தவிர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும். மே மாதத்தில் குற்றாலத்தில் அருவி கொட்டும் என்று எதிர்பார்த்து வந்து, ஈரமில்லாத பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வெளியூர்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு.

நெல்லையப்பர் கோயில்

நகரின் மையம் நெல்லையப்பர் - காந்திமதியம்மன் கோயில். சுவாமிக்கும் அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இணைக்கிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்குள்ளது. மற்றொன்றான சித்திர சபை குற்றாலத்தில், சுவரோவியங்களுடன் உள்ளது. ஆகவே ஐந்தில் இரண்டை இப்பள்ளத்தாக்கிலேயே பார்த்துவிடலாம்.

குழந்தைகளைப் பெரிதும் ஈர்ப்பவை மணி மண்டபத்து இசைத்தூண்கள். ஒரே கல்லில் நடுவே ஒரு பெரிய தூணும் அதைச் சுற்றிப் பல சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்டவை இவை. தட்டும்போது ஒவ்வொரு சிறு தூணும் வேறு வேறு சுருதியில் ஒலிக்கும். இரு முனைகளும் இறுகப் பிணைந்த தூண் அதிரும்போது எழும் ஒலியின் சுருதி, தூணின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. நீண்டு மெலிந்தது தாழ்ந்த ஒலியையும், குட்டையாகத் தடித்தது உயர்ந்த ஒலியையும் தரும். பள்ளியில் படிக்கும் அதிர்வெண் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் நாணயத்தாலும் சாவியாலும் தட்டினால் கல் தேயும்; பல தலைமுறைகள் தட்டிய தடம் தூண்களில் தெரிகிறது. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்வதே நல்லது.

நண்பகலில் நடை சாத்தப்படும். பிரகாரங்கள் மிகப் பெரியவை. முதியவர்கள் முழுவதையும் சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்தளம் சுடும் என்பதால் காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ செல்வது குழந்தைகளின் பாதங்களுக்கு நல்லது. ஆனி மாதத் தேரோட்டம் ரத வீதிகளில் நடைபெறும். இத்தேர் திருவாரூர், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்களுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் மூன்றாவது பெரிய தேராகக் கருதப்படுகிறது. தேரைப் பார்க்க வேண்டுமானால் கைக்குழந்தையுடன் வடத்தின் அருகே நிற்காமல், வீதியோரத்து மாடி வீடோ கடைத் திண்ணையோ தேடிக்கொள்ள வேண்டும். நவராத்திரி முடிவில் பாளையங்கோட்டையில் நடக்கும் தசரா இன்னொரு பெரிய விழா. 12 அம்மன் கோயில்களின் சப்பரங்கள் இரவில் ஒன்றாக அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் உள்ள இருட்டுக்கடை, மாலை நேரத்தில் மட்டும் திறக்கப்படும் அல்வாக் கடை. பெயர்ப்பலகையோ பளிச்சென்ற விளக்கோ இல்லாமல் தொடங்கியதால் இப்பெயர் பெற்றது. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவதே திருநெல்வேலி அல்வா. தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்தச் சுவை என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு நகரின் மற்றக் கடைகளிலும் சூடான அல்வா கிடைக்கும். அல்வாவைவிட அதிகம் பேசப்படாதது சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி சேர்த்து, இஞ்சித் துவையலுடன் உண்ணப்படும் இக்குழம்பு, திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் இடம்பெறுவது. காரம் குறைவு என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது.

இரு பாலங்கள்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதுவரை ஆற்றைக் கடக்கப் படகுதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் கட்டுமானச் செலவுக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார் என்பதே இப்பெயருக்குக் காரணம். 1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. வளைவுகளின் அழகு பாலத்தின் மேல் செல்பவர்களுக்குத் தெரியாது. கரையில் இறங்கி நின்று பார்க்க வேண்டும்.

சந்திப்பு இரயில் நிலையம் அருகே இருப்புப்பாதையைக் கடக்கும் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் 1970-களில் கட்டப்பட்டது. மேலடுக்கில் பேருந்து முதலிய பெரிய வாகனங்களும், கீழடுக்கில் இருசக்கர வாகனங்களும் நடப்பவர்களும் செல்வர். கீழடுக்கில் நின்றால் காலுக்குக் கீழே இரயிலும் தலைக்கு மேலே பேருந்தும் ஒரே நேரத்தில் போகும். சிறுவர்களுக்கு இது காசில்லாத வேடிக்கை.

மாவட்ட அறிவியல் மையம்

கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் உள்ள மாவட்ட அறிவியல் மையம் 1987-இல் தொடங்கப்பட்டது. தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுவின் கீழ், பெங்களூரின் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கிளையாக இயங்குகிறது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுடன் வருபவர்கள் நகரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், இதையே தேர்ந்தெடுக்கலாம். உள்ளே காட்சிப்பொருள்களைத் தொடலாம், இழுக்கலாம், சுழற்றலாம். தொடாதே என்ற பலகைக்குப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவே பெரிய செய்தி. வெளியே மரநிழலில் உள்ள அறிவியல் பூங்காவில் கப்பி, ஊசல், நெம்புகோல் முதலியவற்றை உடலால் இயக்கிப் பார்க்கலாம். டைனோசர் உருவங்களும் முப்பரிமாணக் காட்சியும் உண்டு. நுழைவுக் கட்டணம் குறைவு. பள்ளிக்கூடங்கள் மொத்தமாக வரும் வேலைநாள் முற்பகலைத் தவிர்த்தால் கருவிகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது.

மையத்தை அடுத்த கொக்கிரகுளக் கரைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியபோது, ஆற்றில் இறங்கிய 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒரு குழந்தையும் அடக்கம். ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்தப்படுகிறது.

ஆற்றில் இறங்குவது

தாமிரபரணிக்கு வந்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைக்காமல் எந்தப் பிள்ளையும் திரும்பாது. ஆகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

நகரில் பார்க்கச் சிறந்த துறை குறுக்குத்துறை. இங்கு ஆற்றின் நடுவிலேயே சுப்பிரமணிய சுவாமி கோயில் உள்ளது. வெள்ளம் வரும் திசையில் சுவர் படகின் முனைபோலக் கூராக அமைந்திருப்பதால் நீர் இருபுறமும் பிரிந்து ஓடும். பெருவெள்ளத்தில் கோயில் முழுகிவிடும். அதற்கு முன்னரே உற்சவ மூர்த்தியைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நீர் வடிந்ததும் சகதியைக் கழுவி மீண்டும் வழிபாடு தொடங்கும். 2023 திசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் இக்கோயிலுடன் நகரின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. அந்த மழையில் கடலோரக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது.

கோடையில் முழங்கால் அளவு ஓடும் ஆறு பாதுகாப்பானது என்று தோன்றும். அப்படி நம்புவதற்கில்லை. ஆற்றில் நீண்ட காலம் மணல் அள்ளப்பட்டது. மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்தது. அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் ஆளை விழுங்கும் ஆழத்தில் கிடக்கலாம். இயற்கையாகவே ஆழமான இடங்களும் உண்டு. அவற்றை ஊர்மக்கள் கசம் என்பர். முழங்கால் நீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலை மூழ்கும் ஆழத்துக்குப் போய்விடக்கூடும். ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளின் கீழ்ப்புறம் நீர் சுழலும். அங்கு குளிக்கவே கூடாது. மேலே பாபநாசம் அணையில் நீர் திறந்தால், இங்கு வானம் தெளிவாக இருக்கும்போதே மட்டம் உயரும். படிக்கட்டுள்ள துறையில், ஊர்ப்பெண்கள் துவைத்துக் குளிக்கும் இடத்தில், அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்ல வழி. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கைப்பிடியில் வைத்திருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கண்ணால் காவல் காப்பது போதாது.

நீரின் தூய்மையும் இடத்துக்கு இடம் வேறுபடும். நகருக்குள் கழிவுநீர் கலப்பதால், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் போன்ற மேற்குப் பகுதிகளில் குளிப்பதே மேல். பாபநாசத்தில் சடங்கு முடித்தவர்கள் ஆற்றில் விட்டுச்செல்லும் பழைய துணிகள் இன்னொரு சிக்கல். பாறையிடுக்கில் சிக்கிய சேலை, குளிப்பவரின் காலைச் சுற்றிக்கொள்ளும், மீன்களுக்கும் கேடு. துணியை ஆற்றில் விடுவது சாத்திரம் என்று யாராவது சொன்னால், கரையில் வைத்துள்ள தொட்டியைக் காட்டலாம்.

மேற்கே: அணைகளும் அருவிகளும்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் பாபநாசம் உள்ளது. அடிவாரத்தில் பாபநாசநாதர் கோயிலும் படித்துறையும், மேலே அகத்தியர் அருவியும் உள்ளன. இவ்வருவியில் ஆண்டின் பெரும்பகுதி நீர் விழும் என்பதால், குற்றாலம் வறண்டிருக்கும் மாதங்களில் குடும்பங்கள் இங்கு வருகின்றன. குரங்குகள் அதிகம், தின்பண்டப் பொட்டலத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. அருவிக்கு அப்பால் காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில், பாணதீர்த்தம் ஆகியவை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ளன. 1988-இல் அமைந்த இக்காப்பகத்துக்குள் செல்வது வனத்துறையின் அனுமதியைப் பொறுத்தது. புலிக் கணக்கெடுப்பு, ஆடி அமாவாசைத் திருவிழா, மழை ஆகிய காரணங்களால் விதிகள் மாறும். சோதனைச் சாவடியில் நெகிழிப் பைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புறப்படும் நாளில் விசாரித்துவிட்டுச் செல்லாதவர்கள் சாவடியிலேயே திரும்ப நேரிடும்.

மணிமுத்தாறு அணை 1958-இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 118 அடி. அணைக்கு மேலே, மாஞ்சோலைச் சாலையில் அருவி உள்ளது. கம்பித் தடுப்புக்குள் நின்று குளிக்கலாம். அதன் முன்னுள்ள தடாகம் மிக ஆழமானது.

குற்றாலம் சிற்றாற்றின் கரையில் உள்ளது. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. 2019 நவம்பர் முதல் இவ்வூர் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. பேரருவியும் ஐந்தருவியும் புகழ் பெற்றவை என்றாலும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை புலியருவியும் சிற்றருவியும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம், திருநெல்வேலியிலிருந்து உறவினர்களுடன் வந்திருந்த 17 வயது மாணவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை, அருவியில் நிற்பவர்களுக்குத் தெரியாது. நீரின் நிறம் செம்மண்ணாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் விழத் தொடங்கினாலோ, அபாயச் சங்கு ஒலிக்கும் வரை காத்திராமல் வெளியே வந்துவிட வேண்டும்.

மேற்கே செல்ல இரயிலும் உண்டு. திருநெல்வேலி - செங்கோட்டைப் பயணிகள் வண்டி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியே வயல்களுக்கு நடுவே செல்லும். காலை வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்தால் பொதிகை மலைத்தொடர் நெருங்கி வருவதைப் பார்க்கலாம். வழியில் இறங்க விரும்புவோருக்குப் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழைபோலக் கிழித்து நெய்யும் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. துணிபோல மடித்துக் கைப்பையில் வைக்கக்கூடிய பாய் ஒன்றை நெய்யப் பல வாரங்கள் ஆகும். இதை நெய்பவர்களுள் பெரும்பாலோர் முசுலிம் பெண்கள். கடையில் விலையைக் கேட்டு வியப்பதற்கு முன் தறியைப் பார்த்துவிடுவது நல்லது.

பறவைகள்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் நகருக்குத் தெற்கே 38 கி.மீ. தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; பின்னர் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பரப்பு 1.29 ச.கி.மீ. மட்டுமே. மணிமுத்தாறு அணையின் நீர் கால்வாய் வழியே வந்தால்தான் குளம் நிறையும். நிறைந்தால்தான் பறவை வரும்.

இங்கு பறவைகள் குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள், வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் முதலியவை குஞ்சு பொரித்து வளர்க்கும் காலத்தில் எச்சமும் மீன் நாற்றமும் ஊர் முழுவதும் இருக்கும். மக்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்; தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது என்பது இதற்கான ஒரு காரணம். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை மற்றொன்று. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி, இவ்வூரின் பறவைக் காவலராகப் பரவலாக அறியப்பட்டவர்.

பூநாரைகளும், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் வருகின்றன. காலை 6 முதல் 9 மணி வரை காண்பதற்கு ஏற்ற நேரம். காவல்கோபுரம் உள்ளது. இருநோக்கி ஒன்றை எடுத்துச் செல்வதும், பளிச்சென்ற நிறத்து உடையைத் தவிர்ப்பதும் பயன்தரும். குளத்தில் நீரில்லாத ஆண்டுகளில் ஏமாற்றமே மிஞ்சும். முன்கூட்டி விசாரிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு நகரிலேயே நயினார்குளமும், புதிய பேருந்து நிலையம் அருகிலுள்ள வேய்ந்தான்குளமும் உள்ளன. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. மாணவர்களும் இதில் கலந்துகொள்கின்றனர். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூர், 2005-இல் பறவைகளுக்காக அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம். ஊர்மக்களே கேட்டுப் பெற்றது என்பது இதன் சிறப்பு. அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்புறத்தில் நாயக்கர் கால ஓவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன.

கிழக்கே: ஆதிச்சநல்லூர் வழி

திருச்செந்தூர்ச் சாலையில் செல்லும்போது முதலில் வருவது கிருட்டிணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், இளவரசனைத் தோளில் தூக்கிச் செல்லும் குறத்தி எனக் கதையோடு சொல்லிக் காட்டத்தக்க சிற்பங்கள். நரம்பும் நகமும்கூடக் கல்லில் தெரியும்.

நகரிலிருந்து சுமார் 24 கி.மீ. தொலைவில், தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்புள்ள இந்த மேடு, இரும்புக்கால மக்கள் இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைத்த இடம். 1876-இல் செருமானியர் யாகோர் அகழ்ந்து எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்சாந்தர் ரீ கண்டெடுத்த வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2004-05 அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. நூறாண்டுகளுக்கு மேலாக, பொருள் கிடைத்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்ற நிலையே இருந்தது. 2023-இல் அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்துத் தள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகளை அவை புதைக்கப்பட்ட நிலையிலேயே குனிந்து பார்க்கலாம். மண்டை ஓட்டைப் பார்த்து அஞ்சும் சிறு குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்தது. இதை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தபோதே, திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. பொருநை என்பது தாமிரபரணியின் பழந்தமிழ்ப் பெயர். நகரின் தென்புறம் ரெட்டியார்பட்டி மலையருகே சுமார் 13 ஏக்கரில் அது கட்டப்பட்டுள்ளது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களின் பொருள்களுக்கானது. மேட்டை முதலில் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு வருவது, தலைகீழாகச் செய்வதைவிடப் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும்.

இதே சாலையில் நவதிருப்பதிக் கோயில்களும், ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டமும், முடிவில் திருச்செந்தூர்க் கடலும் உள்ளன. வடக்கே மதுரைச் சாலையில் சுமார் 30 கி.மீ. சென்றால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நினைவகம் உள்ளது. அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பினார். அக்கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை சில சிதறிய பகுதிகளே. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் நடக்கும்போது கவனித்துப் பார்த்தால் கண்ணில் படும்.